எந்த முகத்தோடு ஆலயத்துக்குப் போவது?

கொங்கு நாட்டில் மானம் என்பது முகத்தில்தான் குடியிருக்கிறது. தொழில் நொடித்தவர் "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள போறதுங்க" என்கிறார். மொய் எழுதப் பணமில்லாதவர் கல்யாண மண்டபத்தின் வாசல் வரை வந்துவிட்டு, யார் முகத்திலும் விழிக்காமல் திரும்பிவிடுகிறார். பல்லடம் அருகே கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறிக் குடோன் ஒன்றை நடத்திவந்த நானும், எட்டுத் தறிகளையும் பழைய இரும்பு எடைக்குப் போட்ட பிறகு, ஏறத்தாழ ஒரு வருடம் ஆலயத்தில் செருப்பு விடும் இடத்தை ஒட்டிய கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டு தொடங்கியதும், ஆயர் ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே, யாரும் என்னிடம் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த ஒரு வருடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதையும், பின்னர் இதே நிலையில் இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசியதில் கற்றதையும், செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். இதை வாசிப்பவர் விசுவாசியாகவோ, விசுவாசத்தை இழந்துகொண்டிருப்பவராகவோ இருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன்.

முதல் வேலை, உங்களை வெட்கப்படுத்துவது எது என்று ஒரு தாளில் எழுதுவது. மனதில் சொல்லிக்கொண்டால் போதாது. மனதில் இருக்கும்வரை அது புகைபோல் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும், தாளில் இறங்கினால் நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும். வீட்டார் தூங்கிய பின் உட்கார்ந்து எழுதுங்கள், எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது நான் செய்த தவறா, பிறர் எனக்குச் செய்ததா அல்லது என்மேல் சுமத்தியதா, இல்லை எனக்கு வாய்க்காமல் போன ஒன்றா என்று குறித்துக்கொள்ளுங்கள். வெட்கம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இந்த மூன்றையும் போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. சிறுவயதில் உறவினர் ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண், "என்னை மன்னியும் ஆண்டவரே" என்று ஒவ்வொரு இரவும் ஜெபித்துக்கொண்டே இருந்தால், அந்த ஜெபமே அவளுடைய இருதயத்துக்கு அவள்தான் குற்றவாளி என்று கற்றுக்கொடுத்துவிடும். மறுபுறம், சீட்டுப் பணத்தைக் கையாடிய ஒருவர், தமக்குத் தாழ்வு மனப்பான்மை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஆறுதல் வசனங்களைத் தேடிக்கொண்டிருந்தால், அவருக்கு அந்த வசனங்கள் எதுவும் ஒட்டாது.

அடுத்து, அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள். மனிதன் முதன்முதலாக முகத்தை மறைத்துக்கொண்ட கதை அங்கேதான் இருக்கிறது. நான் நிர்வாணியாயிருப்பதினால் பயந்து ஒளித்துக்கொண்டேன் என்று ஆதாம் சொன்னதும், கடவுள் கேட்கும் கேள்வியைப் பாருங்கள்: "நீ நிர்வாணி என்று உனக்கு அறிவித்தவன் யார்?" இதே கேள்வியை உங்கள் தாளில் உள்ள ஒவ்வொரு வரியிடமும் கேட்டு, அந்த வரியை முதலில் யார் வாயிலிருந்து கேட்டீர்கள் என்று எழுதுங்கள். என் தாளில் "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதைக் கடவுளே என்னைப் பற்றிச் சொல்வதாகத்தான் பல வருடம் எண்ணியிருந்தேன். யார் சொன்னது என்று எழுத உட்கார்ந்தபோதுதான், நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய வருடம், ஒரு புதுமனைப் புகுவிழாவில், பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து என் பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது அது என்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இலையில் இருந்த ஜிலேபிகூட நினைவிருக்கிறது. பெரியப்பா நல்ல மனிதர்தான், அன்று ஏதோ கோபத்தில் இருந்திருப்பார். ஆனால் அவருடைய குரலுக்கு நான் கடவுளின் நாற்காலியைக் கொடுத்திருந்தேன்.

அதே அதிகாரத்தில் ஆதாமும் ஏவாளும் அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொள்கிறார்கள். நம் பக்கத்து அத்தியிலைகள் கடன் வாங்கி நடத்தும் சீர், தவணையில் வாங்கிய கார், கம்பெனியில் தையல் வேலை பார்த்துக்கொண்டு சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொள்வது ஆகியவை. உங்கள் தாளின் பின்பக்கத்தில், வெட்கத்தை மறைக்க நீங்கள் இதுவரை செய்தவற்றையும் எழுதிப் பாருங்கள். பலருக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நீளமாக இருக்கும். அந்த இலைகளைப் பிய்த்தெறிந்து கடவுள் அவர்களை அம்மணமாக நிறுத்தவில்லை. தோட்டத்தை விட்டு அனுப்புவதற்கு முன்பு, தாமே தோல் உடைகளை உண்டாக்கி உடுத்துவித்தார் என்று 21ஆம் வசனம் சொல்கிறது. தண்டனை இருந்தது உண்மை, ஆனால் வெளியே அனுப்புவதற்கு முன்பே உடை வந்துவிட்டது. ஆகவே இலையைக் கழற்றுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனி வகைப்படி போகலாம். நீங்களே செய்த தவறு என்றால், அறிக்கையிடுவதும் திருப்பிக் கொடுப்பதும்தான் வழி, அவற்றில் இரண்டாவதைத்தான் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். 2012இல், ஈமு கோழி வளர்ப்பு என்று சொல்லி மக்களிடம் முதலீடு வாங்கிய நிறுவனங்கள் கவிழ்ந்தபோது, பெருந்துறை சுற்றுவட்டாரத்தில் பணத்தை இழந்தவர்களைப் போலவே, கமிஷனுக்காகத் தம் சொந்தக்காரர்களை அதில் சேர்த்துவிட்டவர்களும் இருந்தார்கள். பணம் போனவர் நான்கு பேரிடம் புலம்பியாவது ஆற்றிக்கொள்ளலாம், சேர்த்துவிட்டவருக்கு அந்த வழியும் இல்லை. இப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது இதுதான்: இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூல்காரன் சகேயுவைப் போல எழுந்து நின்று தொகையைச் சொல்லுங்கள். சகேயு "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்று கணக்கோடு சொன்னான். நீங்களும் போனில் பேசாமல் நேரில் போங்கள், பண்டிகை நாளில் போகாதீர்கள், சூழ்நிலையை விளக்காதீர்கள். "உங்கள இதுல கொண்டு போய்ச் சேர்த்தது நான்தானுங்க, எனக்குக் கமிஷன் இவ்வளவு வந்துச்சுங்க, அதை மாசாமாசம் இவ்வளவா கொடுத்தறேனுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். எதிரில் இருப்பவர் திட்டலாம், கதவைச் சாத்தலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

கடவுளிடம் அறிக்கையிடுவதற்கு ஒவ்வொரு சபையிலும் ஒரு வழி இருக்கிறது. கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது, அங்கே சொன்னதைக் குருவானவர் எந்தச் சூழ்நிலையிலும் வெளியிட முடியாது. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையும், அதைத் தொடர்ந்து ஆயர் கூறும் மன்னிப்பின் வார்த்தையும் உண்டு; வாய் மட்டும் சொல்லிக்கொண்டு போகும் அந்த இடத்தில், உங்கள் தாளில் உள்ள அந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உள்ளம் குத்திக்கொண்டே இருந்தால், அதே பாவத்துக்காக மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்காதீர்கள். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதியிருப்பது இந்த நிலைக்காகத்தான்.

இயேசுவின் சீடன் பேதுருவின் கதையில் நான் வெகுகாலம் கவனிக்காத ஒன்று உண்டு. யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில், குளிர்காய்ந்தபடி பேதுரு ஆண்டவரை மறுதலித்த இடம் ஒன்று. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் மீன் சுட்டுவைத்துக் காத்திருந்த இடம் மற்றொன்று. அந்தப் புகையின் வாசம் பேதுருவுக்கு எதை நினைவுபடுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்டவர் முதலில் அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார், சாப்பிட்டு முடித்த பிறகுதான் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார், மூன்று முறையும் தம் ஆடுகளை மேய்க்கும் வேலையை அவனுக்குக் கொடுக்கிறார்.

பிறர் சுமத்திய வெட்கத்துக்கு இந்த மருந்து எதுவும் பொருந்தாது. இங்கே நம் மண்ணைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. டீக்கடையில் தனிக் குவளை வைக்கப்பட்ட தலைமுறையினர் இன்னும் நம்மோடு உயிருடன் இருக்கிறார்கள். பேரைக் கேட்டதும் அடுத்த கேள்வியாக ஊரையும், ஊரைக் கேட்டதும் எந்தத் தெரு என்பதையும் கேட்கும் வழக்கம் எங்கும் போய்விடவில்லை. 1830இல் லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் கோயம்புத்தூரில் வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த வெட்கம் சுமத்தப்பட்ட மக்கள் பலர், கிறிஸ்துவிடத்தில் தங்களுக்கு ஒரு முகம் கிடைக்கும் என்று நம்பியே ஆலயத்துக்குள் வந்தார்கள். வந்த இடத்திலும் தனி வரிசையும் தனிக் கல்லறையும் தமிழகத்தின் பல சபைகளில் இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. அதனால் சான்றிதழில் ஒரு பெயரும் சபைப் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழ்ந்து, இரண்டில் எதைச் சொன்னாலும் எதையோ மறைப்பதுபோல் கூசிப்போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நியாயம் தீர்க்க நான் யாருமில்லை. நல்ல மேய்ப்பன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறது, எந்தப் பேர் என்று எழுதியில்லை.

இந்த வகை வரிகளுக்குப் பக்கத்தில் "இது என்னுடையது அன்று" என்று எழுதி, அதைச் சிலுவையின் கீழே வைத்துப் பாருங்கள். சிலுவை என்பது உயிரை எடுப்பதற்காக மட்டும் கண்டுபிடிக்கப்பட்ட கருவி அன்று. நகரத்துக்கு வெளியே, போகிறவர் வருகிறவர் பார்க்கும் இடத்தில், உடையை உரிந்து நிறுத்தி மானத்தை வாங்குவதற்கு ரோமர் பயன்படுத்தியது. அந்த அவமானத்தை எண்ணாமல் இயேசு சிலுவையைச் சகித்தார் என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்லும்போது, அவர் வலியைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்லவில்லை, அவமானத்துக்குக் கணக்கில் இடம் கொடுக்கவில்லை என்று சொல்கிறது. சுமத்தியவர்களின் கணக்கை அவர்களிடமே விட்டுவிடலாம் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் துணிவு. விட்டுவிடுவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று பொருளில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, பந்தியில் உட்காராமல் பேதுரு விலகியபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவனை முகமுகமாய் எதிர்த்தான். பந்தியில் ஒருவருக்கு வேறு இலை போடும்போது எழுந்து நின்று கேட்பதும் விசுவாசத்தின் செயல்தான். வீட்டுக்குள் அடியும் உதையும் வாங்குகிற பெண்ணிடம் "பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், குழந்தை என்றால் 1098 என்ற எண்ணையும் சொல்லிவிட்டு, ஜெபமும் செய்யலாம்.

மூன்றாவது வகை, வாய்க்காமல் போனது: குழந்தை இல்லை, முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையவில்லை, நீட் தேர்வில் மூன்றாம் முறையும் கிடைக்கவில்லை, தொழில் நின்றுவிட்டது. இங்கே மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை, திருப்பிக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. இதற்கு 2 சாமுவேல் ஒன்பதாம் அதிகாரம் போல் உதவியது எனக்கு வேறில்லை. தாவீதுக்கு முன்பு ராஜாவாக இருந்த சவுலின் பேரன் மேவிபோசேத், இரண்டு காலும் முடமானவன், லோதேபார் என்ற ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் ஒதுங்கிக் கிடக்கிறான். தாவீது ஆள் அனுப்பி அழைத்து வந்ததும், செத்த நாயைப்போல் இருக்கிற என்னை ஏன் நோக்கிப் பார்க்கிறீர் என்கிறான். தாவீது அதற்குப் பதிலே சொல்வதில்லை. "நீ நாய் இல்லையப்பா, உனக்குள் எவ்வளவு திறமை இருக்கிறது தெரியுமா" என்று தட்டிக்கொடுப்பதும் இல்லை. வேலைக்காரன் சீபாவைக் கூப்பிட்டு, நிலத்தை இவனுக்கு உழுது கொடு, இவன் நித்தமும் என் பந்தியில் சாப்பிடுவான் என்று உத்தரவு போடுகிறான். அதிகாரத்தின் கடைசி வரி, அவன் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டுவந்தான் என்று சொல்லிவிட்டு, அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது என்று முடிகிறது. கால் சரியாகவில்லை, மேசைக்கு அடியில் அது அப்படியேதான் இருந்தது. ஆகவே, கண்ணாடியின் முன் நின்று "நான் திறமைசாலி, நான் வெற்றியாளன்" என்று நூறு முறை சொல்லும் பயிற்சியை நான் யாருக்கும் சொல்லுவதில்லை. திருவிருந்துக்கு அழைக்கப்படும்போது ஒதுங்காமல் எழுந்து போய்க் கையை நீட்டுங்கள், அது போதும்.

இதுவரை சொன்னவை நீங்கள் தனியாகச் செய்யக்கூடியவை. தனியாகச் செய்ய முடியாத ஒன்று, உங்கள் தாளை ஒரே ஒரு மனிதருக்கு வாசித்துக் காட்டுவது. ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி யாக்கோபு எழுதியது, சொஸ்தமடையும்படிக்கு என்ற காரணத்தோடுதான். இதில் ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. அடுத்தவர் கதையை உங்களிடம் சொல்கிறவரிடம் உங்கள் கதையைச் சொல்லாதீர்கள். நம் சபைகளில் வம்புக்கு ஜெபக்குறிப்பு என்று ஒரு மறுபெயர் இருப்பது எல்லாருக்கும் தெரியும். பணத் தொடர்போ சம்பந்தத் தொடர்போ இல்லாத, தாமே ஒரு முறை விழுந்து எழுந்த, நீங்கள் பேசும்போது போனை எடுத்துப் பார்க்காத ஒருவர் வேண்டும். அவரிடம் முதலிலேயே, "எனக்கு யோசனை எதுவும் வேண்டாமுங்க, கேட்டுட்டு ஜெபம் மட்டும் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னது, ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம், அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து. நான் வாசித்து முடித்தபின் அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "கண்ணு, இன்னொரு டம்ளர் காப்பி வெய்யி, இவரு சாப்பிட்டுட்டுத்தான் போவாரு" என்று தம் மருமகளிடம் சொன்னார்.

சாட்சி சொல்லும் நேரத்தில் எடுத்த எடுப்பிலேயே மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டாம். ஜெயித்தவர்கள் மட்டுமே சாட்சி சொல்லும் வழக்கம் வந்துவிட்டதால், இன்னும் கரை சேராதவர் பேசினால் என்ன செய்வது என்று சபைக்கே தெரிவதில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ளவளாய், ஓயாத உதிரப்போக்கோடு இருந்த பெண்ணை, உடல் குணமான பின்பும் ஏன் இயேசு கூட்டத்தின் நடுவில் முன்னுக்கு வரச் செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். பின்னாலிருந்து தொட்டுவிட்டு மறைந்து போயிருந்தால், அவள் உடம்பு மட்டும் குணமாகி, ஒளிந்து வாழும் பழக்கம் அப்படியே இருந்திருக்கும். எல்லாருக்கும் முன்பாக அவள் "மகளே" என்று அழைக்கப்பட்டாள். அந்த நாள் உங்களுக்கும் வரும்போது பேசலாம், அவசரமில்லை.

அன்றாடத்துக்கு ஒரு சிறு பழக்கம் போதும். காலையில் சங்கீதம் ஒன்றை வாய்விட்டு வாசியுங்கள். 69ஆம் சங்கீதத்தை நான் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் "தேவரீர் என் நிந்தையையும் என் வெட்கத்தையும் என் அவமானத்தையும் அறிந்திருக்கிறீர்" என்று அது பூசி மெழுகாமல் சொல்கிறது. ஜெபிக்கும்போது தலையைக் குனிந்தே பழகியவர்கள், சில நாளைக்கு நிமிர்ந்து ஜெபித்துப் பாருங்கள். கர்த்தரை "என் தலையை உயர்த்துகிறவர்" என்று மூன்றாம் சங்கீதத்தில் தாவீது அழைப்பது, சொந்த மகனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய நாட்களில்.

தூக்கம் போய், சாப்பாடு போய், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வாரக்கணக்கில் நீடித்தால், அது வெட்கத்தைத் தாண்டி நோயாகியிருக்கலாம். அப்போது மருத்துவரிடம் போவது அவிசுவாசம் ஆகாது. அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்று தோன்றினால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு முதலில் அந்த எண்ணை அழையுங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கடைசியாக, ஆலயத்துக்குத் திரும்பிப் போவது. முன்வரிசைக்குப் போக வேண்டியதில்லை, வழக்கமான இடத்திலிருந்து இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருங்கள். வாசலில் கேட்கப்போகும் கேள்விக்கு, பொய் கலவாத ஒரே வாக்கியத்தில் பதிலை முந்தின இரவே தயார் செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவன் விட்டுப்போன பின் ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராதிருந்தவர், "அவரு இப்ப எங்களோட இல்லீங்க, நாங்க நல்லாத்தான் இருக்கறோமுங்க" என்ற ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தார். அதற்கு மேல் கேட்டவர்களுக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆசீர்வாதம் முடியும்வரை மட்டும் எழுந்து போகாதீர்கள். ஒரு வருடம் முழுக்க நான் தப்பித்து ஓடிக்கொண்டிருந்த அந்த வார்த்தைகள், "கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி" என்பவையாக இருந்தன.

நான் முதன்முதலாக அதுவரை நின்ற ஞாயிற்றுக்கிழமையில், வாசலில் பழைய வியாபாரி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, ஆளையே காணோமே, தறி எப்படி ஓடுதுங்க?" என்று கேட்டார். "தறியெல்லாம் வித்துட்டேனுங்க, இப்ப காரணம்பேட்டைப் பக்கம் ஒரு மில்லுல வேலைக்குப் போறேனுங்க" என்றேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம்தான், இருந்தாலும் குரல் நடுங்கியது. அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம குடோனும் சாத்தி மூணு மாசமாச்சுங்க, வீட்டுலகூட இன்னும் சரியாச் சொல்லல" என்றார். நாங்கள் இருவரும் வெயில் ஏறும்வரை செருப்புகளுக்கு நடுவிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.